அவர் தலைக்குப் பின்னால் இருந்த சுவர்

இந்தக் கடையும் இல்லை. சுவர் பச்சைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இது புதுசாக அடித்த கிளிப்பச்சை. அவர் தலைக்குப் பின்னால் இருந்தது ஊறவைத்த பாசிப்பயறின் பச்சை. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு ஷேடு தெரியாவிட்டால் எப்படி. ஒரு ஷேடு மாறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுகிற மனிதர். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அதற்குள் கிண்ணம் வந்துவிட்டது. கிண்ணமா இது, திருப்பூரில் இதில் ஒரு குடும்பத்துக்கு ரசம் வைக்கலாம். பரிமாறிய பிறகு சாப்பிடாமல் எழுந்து போகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அது எந்த நாடாக இருந்தால் என்ன. படத்தில் கோழியைத் தொட்டுக் காட்டித்தான் கேட்டேன், கோழியாகத்தான் இருக்க வேண்டும். வசந்தாமணி என்ன தின்கிறாள் என்று இந்த ஊரில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள், இருந்தாலும் எனக்குத் தெரியுமே. வெள்ளை வெளேரென்று அரிசி நாடா, உள்பாவாடைக்குக் கோக்கிற நாடா அகலத்துக்கு. மேலே வெங்காயத்தாள். ஓரத்தில் ஒரு தட்டு நிறையத் தழை, அதில் ஒன்று திருநீற்றுப்பச்சை வாசம் அடிக்கிறது. ஆவியில் அன்னாசிப்பூவும் பட்டையும். கண்ணை மூடினால் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு, திறந்தால் சைகோன். நேற்றுக் கூட வந்தவர்களை விட்டு நழுவிப் போன கடை ஒன்றில், இடியாப்பம்போல நாங்கள் பிழிகிற சந்தகை மாதிரி உருண்டை இழை, தக்காளி மிதக்கிற நண்டுச் சாறு. இன்னொன்றில் பல்லுக்கு இழுத்துக்கொடுக்கிற மெல்லிசு இழை, மேலே காடை முட்டை. ‘ஃபோ’ என்று ஒன்று, ‘பூன்’ என்று ஒன்று, மூன்றாவது பெயர் என் வாயில் நுழையவில்லை. எல்லாமே ருசிதான், பழி சொல்லக் கூடாது. ஆனால் நான் ருசி பார்க்கவா வந்தேன். சுவர் பார்க்க வந்தேன். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, சூப்புக் கடை சூப்புக் கடையாக நுழைந்து சுவரைப் பார்க்கிற பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாதிக் கிண்ணம் ஆயிற்று. இதற்குமேல் என்னால் ஆகாது, சமைத்த மகராசி மன்னிக்கட்டும்.

அவர் பெயர் சென்னியப்பன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று கல்யாணமானதிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். போன ஆவணியில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு, “பேஷண்டு பேரு சொல்லுங்கம்மா” என்று கேட்டபோதுதான் முதல்முதலாகச் சத்தமாகச் சொன்னேன். அதைக் கேட்டுத் திட்டுவதற்கு அவர் இல்லை. இந்த ஊரில்தான் பத்து வருஷத்துக்கும் மேலாக வேலை பார்த்தார். மாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் அறை, கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் அதே சந்தில் காலைச் சூப்பு. இங்கே ஏழு மணி என்றால் திருப்பூரில் அஞ்சரை. நான் பால் அடுப்பில் வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைப்பேன். அவரும் எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். “இன்னிக்கு என்னங்க?” “அதேதான்.” “பொழுது விடிஞ்சா அதே சாறா, சலிக்காதுங்களா?” “சலிச்சா வேற செஞ்சு போட நீ பக்கத்துலயா இருக்கறே?” தினம் இதே பேச்சுத்தான், ஆனால் ஒருநாள் இது இல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுதே போகாது. போனில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகம், சட்டைக் காலர், முகத்துக்குமேல் ஏறுகிற ஆவி, பின்னால் அந்தப் பச்சைச் சுவர். சுவரில் ஒரு விசிறி, அதன் கூண்டில் ஒரு சிவப்பு ரிப்பன். விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போது ரிப்பன் அவர் காதோரம் ஆடும். கடைசிவரை திரும்பி முடித்ததும் ‘கட்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி அந்தப் பக்கம் போகும். விர்ர்ர், கட். விர்ர்ர், கட். அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் பொழுது விடியும். அவர் அவசரக்காரர், கொதிக்கக் கொதிக்க வாயில் போட்டுக்கொண்டு ஹா ஹா என்பார். நான் பாட்டுக்கு அக்கறையாய், “ஊதிச் சாப்புடுங்க, நாக்கு வெந்துபோகும்” என்று கத்திக்கொண்டிருப்பேன், அவரோ என்னை விட்டுவிட்டுப் போனுக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரிப்பார். சும்மா சிரிப்பு இல்லை. கண் சுருங்கி, தோள் குலுங்கி. “ஆரப் பாத்துங்க அந்தச் சிரிப்பு?” “ஒண்ணுமில்ல. கடைக்காரம்மா ஏதோ சொன்னாங்க.” “என்ன சொன்னாங்க?” “சொன்னா நீ கோவிச்சுக்குவே.” அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நானும் கோபித்துக்கொள்கிற மாதிரி என்னதான் அது என்று அன்றைக்கு முழுக்கப் பாத்திரத்தோடு பாத்திரத்தை மோதவிட்டுக்கொண்டிருப்பேன்.

இதில் அந்தக் கையை மறக்க முடியவில்லை. ஒருநாள் பேசிக்கொண்டே இருக்கும்போது போன் சரிந்து விழுந்துவிட்டது. எனக்குக் கூரைத் தகரம் தெரிந்தது, அப்புறம் ஒரு கை வந்தது. பொம்பளைக் கை. மணிக்கட்டில் பச்சைக்கல் வளையல், கண்ணாடி இல்லை, கல்லையே குடைந்து செய்தது. அந்தக் கை தயங்கவில்லை. தன் வீட்டு அலமாரியில் சாமானை எடுத்து வைக்கிற மாதிரி போனை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிற்று. மறுபடி அவர் முகம், அதே சிரிப்பு. நான் கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணுமில்லை என்பார், ஒண்ணுமில்லை என்பதை நம்புகிற வயசா எனக்கு. மகள் சௌமியா கல்யாணம் முடிந்து அவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தபோது சரி, இனி அந்தக் கையும் சுவரும் எங்கேயோ கிடக்கட்டும் என்று நினைத்தேன். கிடக்கவில்லை. கடல் தாண்டி இருந்தபோது பேசியதில் கால்வாசிகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவில்லை. காலையில் அஞ்சரைக்கெல்லாம் எழுந்து சமையற்கட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். நான் அடுப்புப் பக்கம் நிற்பேன். என்னைத்தான் பார்க்கிறாரா, எனக்கு மேலே பார்க்கிறாரா. ஒருநாள் ஆட்டுக்கால் சாறு வைத்துச் சந்தகையை அதில் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்தபோது அவர் சொன்னதுதான், நம்ம சந்தகையக் கொண்டுபோயிச் சாத்துல போட்ட மாதிரி இருக்கும் வசந்தா என்று. சாப்பிட்டார். மெதுவாக, ஆறவைத்து, ஒரு சத்தமில்லாமல். “எப்படிங்க இருக்குது?” “நல்லாருக்குது.” உப்பில்லாத கஞ்சிக்கும் அதே ‘நல்லாருக்குது’தான் என்று எனக்குத் தெரியாதா. பசி ஆறிய முகம் வேறு, கடன் கழித்த முகம் வேறு. எதையோ, யாரையோ இங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. அதைப் பிடுங்குவதற்குள் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். முள் என்னிடம் நின்றுவிட்டது. வருகிற மாதம் தலைத்திதி. படையலில் அவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். சௌமியா கேட்கிறாள், “அப்பாவுக்கு என்னம்மா ரொம்பப் புடிக்கும்?” பார்க்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது வருஷம் சோறு போட்டவளுக்கு அது தெரியவில்லை. அவர் மனசில் இருந்தது சாறா, அதை ஊற்றிக் கொடுத்த கையா என்று தெரியாமல் நான் எந்த மனசோடு அவருக்கு இலை போடுவது.

அதற்குத்தான் இந்த டூர். திருப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பொம்பளைகள் வியட்நாம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நானும் பேர் கொடுத்துவிட்டேன். துக்கம் தீரட்டும் என்று சௌமியாவும் அனுப்பி வைத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. டூர்க்காரர் சமையல்காரரையும் குக்கரையும் ஊரிலிருந்தே கூட்டி வந்திருக்கிறார். இத்தனை தூரம் வந்தும் இட்லி, தக்காளிச் சாதம், தயிர்ச் சாதம், மாவடு. ஒரே அறையில் தங்கியிருக்கிற சம்பூர்ணம் அக்கா இந்த நாட்டுத் தண்ணீரையே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறாள். இன்றைக்கு எல்லோரும் ஏதோ சுரங்கம் பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் தலைவலி என்றேன். “தலவலின்னா மாத்திரயப் போட்டுப்போட்டுப் படு. ஒத்தையா வெளிய போயி அந்தக் கருவாட்டுத் தண்ணியத் தின்னுபோட்டு வந்துறாதே, ஆமா” என்று கதவைச் சாத்தும்வரை சொல்லிவிட்டுத்தான் போனாள். சரி அக்கா, சரி அக்கா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். பஸ் கிளம்பின சத்தம் கேட்டதும் செருப்பைத் தேடினேன். இந்த வயசில் பொய் சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போகிற காலேஜ் பெண் மாதிரி. இப்போது கிளிப்பச்சைக் கடையிலிருந்து வெளியே வந்து ரோட்டோரம் நிற்கிறேன். மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள், புற்றிலிருந்து எறும்பு கிளம்பின மாதிரி. எதுவும் நிற்பதாக இல்லை. அவர் சொல்லியிருக்கிறார்: “ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது. ஒரே மாதிரி நடந்துட்டே இருக்கணும். அவனுகளே வளைச்சுட்டுப் போயிருவானுக.” செத்துப்போன மனிதர் பேச்சை நம்பித்தான் இறங்குகிறேன். ஒரே மாதிரி நடக்கிறேன். இந்தப் பக்கம் ஒன்று உரசுகிறது, அந்தப் பக்கம் ஒன்று, முந்தானை காற்றில் இழுக்கிறது. நிற்காதே வசந்தா. வளைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர் இதில் பொய் சொல்லவில்லை. அப்படியானால் மற்றதிலும் சொல்லியிருக்க மாட்டாரோ. ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதானோ. சரி, ஒண்ணுமில்லை என்றால் நான் எதற்குக் கோபித்துக்கொள்ளப் போகிறேன். அங்கேதானே வந்து வந்து முட்டுகிறது. அந்தக் கடை கிடைத்தால் மட்டும் என்ன செய்யப் போகிறாய், வளையல்காரி கையைப் பிடித்து வழக்குப் பேசப் போகிறாயா, என்ன பாஷையில். ஒருவேளை சின்ன வயசுக்காரியாக இருந்தால். ஒருவேளை அழகாக இருந்தால். ஒருவேளை என்னைப் பார்த்ததும் முகத்தை மறைத்துக்கொண்டால். அடி, இருந்தால் இருந்துவிட்டுப் போகிறாள், ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடு, பார்க்காமல் இருப்பதைவிட அது மேல். மேல்தானா. கோயில் கோபுரம் தெரிகிறது. ஆத்தா, நேற்று உனக்குக் கும்பிடு போட்டபோது இதைக் கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது கேட்கிறேன்.

கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தா இருக்கிறது, தேன்கூடு மாதிரி சந்துக்குள் சந்து. துணி காய்கிறது, ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்து கீரை கிள்ளுகிறாள், ஒரு வீட்டுக்குள்ளிருந்து டிவி சத்தம், இன்னொரு வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்ட மல்லுக்கட்டு நடக்கிறது. ஊட்டுகிறவள் போடுகிற சத்தம் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிகிறது, பாஷை மட்டும்தான் தெரியவில்லை. முட்டி வலிக்கிறது. திரும்பிவிடலாம். திரும்பிப் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தலைவலியை நிஜமாக்கிக்கொள்ளலாம். திரும்பவும் செய்தேன், இரண்டடி வைத்திருப்பேன். விர்ர்ர், கட். எங்கே. இல்லை, பிரமை. விர்ர்ர்ர். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கட். காதுக்கு ஷேடு மாறாது. சத்தம் வந்த பக்கம் போனேன். தகரக் கூரை, கீழே தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள், வாசலிலேயே பெரிய பானை. உள்ளே பார்த்தால் பாசிப்பயறுப் பச்சை. விசிறி. சாயம் போய் ரோஸாகிவிட்ட ரிப்பன். இத்தனை சின்னக் கடையா. போனில் அவர் முகத்தைச் சுற்றிப் பெரிய மண்டபம் மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. சுவரோடு சேர்த்துப் போட்ட மேசை ஒன்றுதான், அப்படியானால் அவர் இங்கேதான், முதுகைச் சுவருக்குக் கொடுத்து. அந்த முக்காலி காலியாக இருக்கிறது. உட்காரலாமா. அவர் பார்த்ததை நான் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதானே உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். விசிறி திரும்பி என் காதோரம் ரிப்பனை ஆட்டியது. நிமிர்ந்து நேராகப் பார்த்தேன், அவர் பார்த்த உயரத்தில், போனுக்கு மேலே. பானை. ஆவி. ஆவிக்குப் பின்னால் அவள்.

என் வயசு இருக்கும். ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். தடித்த உடம்பு, தலைமுடியைத் தூக்கிக் கிளிப் போட்டிருக்கிறாள், வியர்வையில் நெற்றி பளபளக்கிறது. அழகு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, எல்லாப் பொம்பளைகளையும்போல. கையில் பச்சைக்கல் வளையல். அதுதான். அந்தக் கைதான் இப்போது கோழியை டொக் டொக்கென்று வெட்டுகிறது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோழியைக் காட்டினாள், தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னைத் தெரியவில்லை அவளுக்கு. எப்படித் தெரியும், நான் யார் அவளுக்கு. பக்கத்து மேசையில் ஒரு கிழவர் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்கிறார். ஐஸ் போட்ட தேத்தண்ணி வந்தது, கேட்காமலேயே. இதைத்தான் அவர் தினம் குடித்தாரா. மேசையில் எலுமிச்சை, மிளகாய், சிவப்பு மிளகாய்ச் சாந்துப் பாட்டில், சீசாவில் மீன் தண்ணீர். எதன்மேல் சாய்த்து வைத்தார் போனை. எந்த இடத்தில் இருந்துகொண்டு நான் அத்தனை வருஷம் கத்தினேன். அவள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், ஆனால் சிரிக்க மாட்டேன் என்கிறாள். சிரிக்கிறது எல்லாருக்குமா, வேண்டியவர்களுக்குத்தானே. சீச்சீ, என்ன புத்தி இது. அந்த மனிதர் மண்ணுக்குள் போய்க் கிட்டத்தட்ட வருஷமாகிறது, நான் இங்கே உட்கார்ந்து அவர் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். கிண்ணம் வந்துவிட்டது. வளையல் கிண்ணத்தில் பட்டு ஒரு சத்தம். ஏற்கனவே வயிறு கழுத்துவரை இருக்கிறது. பரவாயில்லை. இதுதான் அது. இது என்ன என்று நாக்கு சொல்லட்டும், அப்புறம் எழுந்து போய்விடலாம், சாறு மட்டும்தான் என்றால் சாறு, இல்லையென்றால் இல்லை. கரண்டியில் மொண்டேன். ஆவி என் மூக்குக்கண்ணாடியில் படிந்து எதுவும் தெரியவில்லை. வாயில் வைத்தேன்.

நெருப்பு. நாக்கு, அண்ணம், எல்லாம் பொத்துப்போயிற்று. ஹா என்று வாயைத் திறந்தேன், கையால் விசிறினேன். “ஊதி சாப்புதுங்ங்க.” நான்தான் சொல்லிக்கொள்கிறேன், மனசுக்குள். இல்லை, காதில்தான் விழுந்தது, என் வாயில் நெருப்பு இருக்கிறது, நான் எப்படிச் சொல்ல முடியும். கண்ணாடியைக் கழற்றினேன். கடையில் நம் ஆட்கள் ஒருத்தரும் இல்லை. பானைக்குப் பின்னால் அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே எதிர்பார்க்காதவள் மாதிரி. பேப்பருக்குப் பின்னாலிருந்து கிழவர் தலையை நீட்டினார். ஒரு பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவரும், “ஊதி சாப்புதுங்ங்க” என்றார். ‘டு’ அவர்களுக்கு ‘து’வாகிவிட்டது. ஆனால் அந்தக் கடைசி இழுப்பு இருக்கிறதே, ராகம், அது அச்சு அசல் என்னுடையது. விடிகாலையில், பால் பொங்குகிற அவசரத்தில், கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று நான் போடுகிற சத்தம். அவள் என் முகத்தையே பார்த்தாள். கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையிலிருந்த சிவப்புச் சாந்துப் பாட்டிலை எடுத்து என் கிண்ணத்துக்கு எதிரே வைத்தாள், அதன்மேல் தன் உள்ளங்கையைப் போன் மாதிரிச் சாய்த்துப் பிடித்தாள், குனிந்து அந்த உள்ளங்கைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைச் சுட்டிக் காட்டினாள். நீயா? நான் தலையை ஆட்டினேன். நான்தான். அத்தனை வருஷமாக இந்த மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான்தான். கடையே என்னைப் பார்த்திருக்கிறது, நான்தான் கடையைப் பார்க்கவில்லை. அவள் சிரித்தாள். கடைசியில் சிரித்துவிட்டாள், வயிறு குலுங்க, கிழவரிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கன்னத்தில் கையை வைத்து என்னைப்போலவே கத்திக் காட்டினாள், அப்புறம் அவரைப்போல ஹா ஹா என்று வாயைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு நாளும் நான் சொன்ன கையோடு இவளும் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சொன்னா நீ கோவிச்சுக்குவே. ஆமாம் மாமா, கோபித்துத்தான் இருப்பேன். ஊர் பேர் தெரியாத கடையில் என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டீர்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டிருப்பேன். அவர் வீட்டுக்கு வந்த பிறகு விட்டும்விட்டேன். பக்கத்தில் இருக்கிற மனிதருக்கு, ஆறவைத்துச் சாப்பிடுகிறவருக்கு, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகவா. எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன், சாற்றின் சூட்டுக்கு எல்லார் கண்ணிலும்தான் தண்ணீர் வருகிறது.

அவள் தன் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஒட்டடைக்குச்சி உயரம் காட்டினாள், தோளைக் குறுக்கிக் காட்டினாள், அவரேதான், கைகளை விரித்தாள். எங்கே? நான் ஒன்றும் யோசிக்கவில்லை, விரலை மேலே காட்டிவிட்டேன். அவள் கூரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் இறக்கையாக விரித்து, உய்ய்ங் என்று விமானம் ஓட்டிக் காட்டினாள். “இந்தியா!” என்றாள். ஊருக்குப் போய்விட்டார், சௌக்கியமாக இருக்கிறார், பெண்டாட்டி மட்டும் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. அப்படியில்லை அம்மா. செத்துப்போனார் என்பதற்கு எந்த நாட்டிலும் விளங்குகிற சைகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இரண்டு கண்ணையும் மூடி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தால் போதும். கை பாதிவரை எழும்பியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. தலைத்திதிக்குச் சந்தகைதான். சாறு கொதிக்கக் கொதிக்க வைப்பேன், வைத்துவிட்டு, அக்கம்பக்கம் கேட்டாலும் சரி, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லுவேன். அது திருப்பூரில். இந்த ஒரு ஊரிலாவது அவர் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும். எழும்பிய கை எலுமிச்சையை எடுத்துக்கொண்டது. “இந்தியா,” என்றேன். அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பானைக்குத் திரும்பிப் போனாள். கிழவர் பேப்பருக்குள் போய்விட்டார். விசிறி கடைசிவரை திரும்பிக் ‘கட்’ என்றது. எதிரே சாந்துப் பாட்டில் இருந்தது. நான் எலுமிச்சையைப் பிழிந்தேன், தழையைக் கிள்ளிப் போட்டேன், கரண்டியில் மொண்டு ஊதினேன். கடைசிச் சொட்டுவரை ஊதி ஊதித்தான் சாப்பிட்டேன்.